மூடிக்குள் ஒரு கல்வெட்டு: பழைய தங்க வாட்சுகளின் முத்திரைகளை வாசிப்பது

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டு விமானங்கள்தான். மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும் மிச்சம். நடுக் கோயிலின் சுவரில் கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இருக்குவேளிர் வம்சத்தை வரிசையாகச் சொல்லி, பூதி விக்கிரமகேசரி தன் பேரிலும் தன் இரண்டு மனைவியர் பேரிலும் மூன்று விமானங்கள் எடுத்ததைச் சொல்கிறது. இவ்வளவும் சொல்கிற கல்வெட்டு ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஆண்டு இல்லை.

அதனால் இந்தக் கோயிலுக்கு இரண்டு வயது உண்டு. முதலாம் ஆதித்த சோழன் காலம், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பார்கள் ஒரு சாரார். இல்லை, சுந்தர சோழன் காலம், 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பார்கள் இன்னொரு சாரார். எழுத்தின் அமைதி, சிற்பத்தின் பாணி, கல்வெட்டு சொல்லும் போர்கள், மற்ற ஊர்க் கல்வெட்டுகளில் வரும் அதே பெயர்கள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்து, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரே ஒரு சாட்சியை வைத்து யாரும் தீர்ப்பு சொல்வதில்லை.

இந்த ஊர்க்காரனான எனக்குப் பழைய தங்க வாட்சுகள் மேல் ஆர்வம் வந்தபோது, கல்வெட்டு வாசிப்பில் பழகிய இந்த முறைதான் கை கொடுத்தது. ஒரு பழைய பாக்கெட் வாட்சின் பின்மூடியைத் திறந்தால் உள்ளே குண்டூசித் தலை அளவுக்குச் சில குறிகள் இருக்கும். நங்கூரம், கிரீடம், ஒரு பெண் தலை, ஓர் அணில், கட்டத்துக்குள் ஓர் எழுத்து. இவைதான் அந்த வாட்சின் கல்வெட்டு. நல்லவேளையாக இதில் பல நேரம் ஆண்டும் இருக்கும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். முத்திரை என்பது ஒரு சாட்சி. ஒவ்வொரு சாட்சியும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்தச் சாட்சியிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரியாததால்தான் போலியை அசல் என்று வாங்குகிறோம். அதைவிட மோசம், அசலைப் போலி என்று நினைத்து உருக்கிவிடுகிறோம்.

நாம் தங்கத்தை வாசித்தவர்கள் அல்ல

முதலில் நம்ம ஊர்ப் பழக்கத்தைப் பார்த்துவிடலாம்.

1898-ல் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில், ஆலங்குடி பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்க நாணயங்கள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையான பேரரசர்களின் காசுகள். பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணய அறிஞர் ஜார்ஜ் ஹில் இவற்றைப் பற்றி எழுதினார். இந்தப் புதையலில் ஒரு விசித்திரம். பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு!

ஏன் வெட்டினார்கள் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. தேய்ந்த காசைப் புழக்கத்திலிருந்து நீக்குவதற்கு என்கிறார்கள். உள்ளேயும் தங்கம்தானா, மேற்பூச்சா என்று பார்ப்பதற்கு என்கிறார்கள். இனி இது வெறும் உலோகம், எடைக்குத்தான் மதிப்பு என்று அறிவிப்பதற்கு என்றும் சொல்வார்கள். எதுவானாலும் ஒன்று தெளிவு. ரோமாபுரியில் அந்தத் தலை ஓர் உத்தரவாதம். இங்கே அது ஒரு படம். உத்தரவாதம் கொடுத்தவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

அப்படியானால் இங்கே தங்கத்துக்கு யார் பொறுப்பு? உத்திரமேரூர் இதற்கு நல்ல பதில் தருகிறது. குடவோலைக் கல்வெட்டு என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் வருகிறது. அதே ஊரின் இன்னொரு கல்வெட்டு பொன் உரைத்துப் பார்ப்பவர்களை எப்படித் தேர்வது என்றே விதி செய்கிறது. ஓரம் சாராமல் எல்லாருக்கும் பொன் பார்க்க வேண்டும். உரைகல்லில் ஒட்டும் பொன்துகளை ஒற்றியெடுத்த மெழுகை அவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது, ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் சேதாரத்துக்குக் கணக்குக் கேட்ட ஊர் அது!

தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே கவனம். ராஜராஜன் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்ற பெயருள்ள கல்லால் நிறுத்தார்கள். மணிகள் பதித்த நகைகளுக்கு 'தக்ஷிணமேரு விடங்கன்' என்று வேறொரு கல். நகைக்குள் இருக்கும் அரக்கையும் சேர்த்து எடை இவ்வளவு என்று சுவரில் வெட்டி வைத்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உத்திரமேரூரிலும் தஞ்சையிலும் ஆள் உண்டு, கல் உண்டு, கணக்கு உண்டு. ஆனால் சோதித்ததற்கான முத்திரை அந்த நகையின் மேல் இல்லை. பதிவு சுவரில் இருந்தது, பொன்னில் இல்லை. காரணம் எளிது. நம்ம ஊர்ப் பொன் நிலையான வடிவத்தில் இருந்ததே இல்லை. பாட்டியின் காசுமாலை அம்மாவின் சங்கிலியாகி, மகளின் வளையலாகும். ஒவ்வொரு தடவையும் பத்தர் உரசிப் பார்த்து மாற்று சொல்வார். உருகப்போகிற பொருளில் எழுதி வைப்பதில் என்ன பயன்?

அதனால் தலைமுறை தலைமுறையாக நாம் தங்கத்தை உரசித்தான் பார்த்தோம், வாசித்ததில்லை. தங்க வாட்சு நம்ம வீடுகளுக்குள் வந்தபோது, தன் சாட்சியைத் தன் மேலேயே எழுதிக்கொண்டு வந்த பொருளாக இருந்தது. அந்தச் சாட்சியை வாசிக்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆண்டெழுத்து யாருக்காக?

ஹால்மார்க் என்ற சொல்லில் வரும் 'ஹால்', லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபம். 1300-ல் எட்வர்டு மன்னர் காலத்துச் சட்டம் சிறுத்தைத் தலை முத்திரையைக் கொண்டுவந்தது. 1363-ல் செய்தவரின் குறியும் கட்டாயமானது. 1478-ல் ஆண்டெழுத்து வந்தது.

இந்த ஆண்டெழுத்து நம்மைப் போல் பழம்பொருள் பார்ப்பவர்களின் வசதிக்காக வந்தது அல்ல. சோதனை அதிகாரி ஆண்டுதோறும் பொறுப்பேற்பார். பின்னாளில் ஒரு பொருளில் கலப்படம் தெரியவந்தால் எந்த ஆண்டு அதிகாரி அதை விட்டார் என்று பிடிக்க வேண்டும். அதற்குத்தான் அந்த எழுத்து. உத்திரமேரூர் வாரியத்தாரும் 360 நாள்தான் பதவியில் இருந்தார்கள். இரண்டு ஊரிலும் ஆண்டு என்பது ஒரு மனிதனின் பொறுப்புக்கு இன்னொரு பெயர்.

ஆங்கிலேய வாட்சு கேஸில் பொதுவாக நான்கு குறிகள் இருக்கும்.

முதலாவது, கேஸைச் சோதனைக்கு அனுப்பியவரின் பெயரெழுத்துகள். இரண்டாவது, தரம். 18 காரட்டுக்கு ஒரு கிரீடமும் 18 என்ற எண்ணும். 1854-ல் 15, 12, 9 காரட் தரங்களும் அனுமதிக்கப்பட்டன. இவற்றுக்குக் கிரீடம் கிடையாது, எண் மட்டும்தான். 9 காரட் என்றால் 9 என்றும் .375 என்றும் இருக்கும். மூன்றாவது, ஊர். பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, செஸ்டருக்கு வாளும் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டும். நான்காவது ஆண்டெழுத்து.

இதிலேயே ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. 9 காரட் தங்கத்துக்குக் கிரீட முத்திரை வந்தது 1975-க்குப் பிறகுதான். 1920-களின் வாட்சு என்று சொல்லி 9-க்குப் பக்கத்தில் கிரீடத்தைக் காட்டினால், வந்த வழியே திரும்பிவிடலாம்.

ஆண்டெழுத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. லண்டனில் ஏ முதல் யூ வரை, ஜே நீங்கலாக 20 எழுத்துகள். ஒரு சுற்று 20 ஆண்டு. அதனால் சிறிய 'எம்' 1907-ஐயும் குறிக்கும், 1927-ஐயும் குறிக்கும். எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமும்தான் இரண்டையும் பிரிக்கும். கல்வெட்டுக்காரர்கள் 'க' எழுதிய விதத்தை வைத்து நூற்றாண்டு சொல்வார்களே, அதே வேலைதான். அது மட்டுமல்ல, ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி எழுத்து வரிசை. ஊர்க் குறியை முதலில் பார்க்காமல் எழுத்தைப் பார்த்தால் ஆண்டு தப்பாகத்தான் வரும்.

உண்மை முத்திரை சொன்ன பொய்

இனி சொல்லப்போகும் கதைதான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது.

1870-களில் ஸ்விஸ் வாட்சு கேஸ்கள் லண்டனுக்கு வந்து, சட்டப்படியே ஆங்கிலேய முத்திரை குத்தப்பட்டுப் போயின. அதில் மோசடி ஒன்றும் இல்லை. தங்கம் சரியான தங்கம், முத்திரையும் அசல் முத்திரை. ஆனால் கடையில் என்ன நடந்தது? உள்ளே ஆங்கிலேய ஹால்மார்க்கைப் பார்த்தவர் மொத்த வாட்சும் இங்கிலாந்தில் செய்தது என்று நம்பி வாங்கினார். ஆங்கிலேய வாட்சுக்காரர்கள் கொதித்துப் போனார்கள்.

முத்திரை தங்கத்தைப் பற்றி உண்மையைச் சொன்னது. அதைப் பார்த்தவர் கடிகாரத்தைப் பற்றிப் பொய்யை நம்பினார். கேட்கக் கூடாத கேள்வியை அதனிடம் கேட்டதுதான் தவறு.

இதற்குத் தீர்வாக 1887-ல் வணிகக் குறிகள் சட்டம் வந்தது. அந்நிய நாட்டு வாட்சு கேஸ்களுக்கு வேறு வடிவ முத்திரை குத்த வேண்டும் என்றானது. உடனே ஸ்விஸ்காரர்கள் கேஸ்களை லண்டனுக்கு அனுப்புவதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். 'அந்நியம்' என்று பறைசாற்றும் முத்திரைக்கு யார் காசு கொடுப்பார்கள்? பிறகு 1907 ஜூன் 1 முதல் பிரிட்டனுக்குள் வரும் தங்க, வெள்ளி வாட்சு கேஸ் எல்லாவற்றுக்கும் அங்கே சோதனையும் இறக்குமதி முத்திரையும் கட்டாயமாயின. லண்டனுக்குச் சிம்ம ராசிக் குறி, பர்மிங்ஹாமுக்குச் சமபக்க முக்கோணம். சிம்ம ராசிக் குறி ஒமேகா எழுத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்து 'இது ஒமேகா வாட்சு' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

இந்த இறக்குமதிக் கேஸ்களில் இருக்கும் பெயரெழுத்துகளைச் செய்தவர் பெயர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவரின் பெயர் அது. ரோலெக்ஸ் வாட்சுகளில் வரும் 'டபிள்யூ அண்ட் டி' முத்திரை, ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் லண்டனில் தொடங்கிய வில்ஸ்டார்ஃப் அண்ட் டேவிஸ் என்ற இறக்குமதி நிறுவனத்துடையது. கேஸைச் செய்த பட்டறை ஸ்விட்சர்லாந்தில் வேறெங்கோ இருந்தது.

இதிலிருந்து நமக்கு ஓர் உபயோகம் கிடைக்கிறது. அந்த 1907 விதி பிரிட்டனுக்கு மட்டும்தான். ஸ்விட்சர்லாந்திலிருந்து நேரே பம்பாய்க்கோ மதராஸுக்கோ கப்பலேறிய வாட்சுக்கு அது பொருந்தாது. ஆகவே நம்ம ஊர் வீட்டில் இருக்கும் ஸ்விஸ் தங்க வாட்சில் லண்டன் முத்திரை இல்லையென்றால் அது குறை அல்ல. இருந்தால், அது பிரிட்டன் சந்தைக்குள் போய்விட்டு வந்தது என்று அர்த்தம். மூடியைத் திறந்தால் வாட்சு வந்த பாதையும் கொஞ்சம் தெரிகிறது.

ஸ்விஸ் பெண்ணும் அமெரிக்க உத்தரவாதமும்

ஸ்விட்சர்லாந்து 1880-ல் தனக்கென்று ஒரு சட்டம் செய்தது. 18 காரட் தங்கத்துக்கு ஹெல்வீசியா என்ற பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில், வெள்ளிக்குக் கரடி. 1995-ல் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு செயின்ட் பெர்னார்டு நாய்த் தலை வந்தது. எனவே ஹெல்வீசியா தலைக்குப் பதில் நாய்த் தலை இருந்தால் அது 'தாத்தா காலத்து' கேஸ் அல்ல.

ஸ்விஸ் பாக்கெட் வாட்சில் பின்மூடிக்கு உள்ளே இன்னொரு மூடி இருக்கும். தூசி போகாமல் இருப்பதற்கு. பல வாட்சுகளில் வெளிமூடி தங்கம், உள்மூடி சாதா உலோகம். நேர்மையான செய்நர்கள் அந்த உள்மூடியில் பிரெஞ்சில் 'மெதால்' என்றோ, செம்பு என்று பொருள்படும் சொல்லையோ பொறித்துவிடுவார்கள். தெரியாதவர் அதைக் கம்பெனி பெயர் என்று நினைத்து, உள்மூடியையும் சேர்த்துத் தங்கமாக எடை போட்டுவிடுவார்.

அமெரிக்காவில் அரசுச் சோதனைச்சாலை முத்திரை என்று ஒன்று இல்லை. கேஸ் செய்த கம்பெனியின் வார்த்தைதான். அதிலும் நடுவில் பித்தளை வைத்து இருபுறமும் தங்கத் தகடு ஏற்றிய கேஸ்கள் ஏராளம். நாம் ரோல்டு கோல்டு என்கிறோமே, அதன் மூலமே இதுதான். சிதம்பரம் கவரிங்கை விடக் கனமான தகடு, அவ்வளவுதான் வித்தியாசம். இவற்றில் '20 ஆண்டு உத்தரவாதம்', '25 ஆண்டு உத்தரவாதம்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதைப் பெருமையாகக் காட்டுவார்கள். யோசித்துப் பாருங்கள், முழுத் தங்கத்துக்கு எதற்கு ஆண்டுக்கணக்கில் உத்தரவாதம்? மேல்தகடு இத்தனை வருஷம் தேயாது என்பதுதான் அந்த வாக்குறுதி. வருஷக்கணக்கு பொறித்திருந்தால் அது முழுத் தங்கம் அல்ல.

எந்த வரிசையில் பார்ப்பது?

நான் பின்பற்றும் வரிசை இது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸும் நல்ல வெளிச்சமும் போதும். மூடி திறக்க வராவிட்டால் வாட்சு ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். கத்தி முனையால் நெம்பாதீர்கள்.

டயலில் இருக்கும் பெயரைக் கடைசியில் பாருங்கள். மவுண்ட் ரோட்டில் 1870-களில் எழுந்த கட்டடத்தை உடைய மதராஸ் பி. ஓர் அண்ட் சன்ஸ், பம்பாய்-கல்கத்தா வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி போன்ற பெயர்கள் டயலில் இருக்கும். அவை விற்றவரின் பெயர்கள். தங்கத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. டயலைத் திரும்ப எழுதவும் முடியும், மாற்றவும் முடியும்.

முதலில் பார்க்க வேண்டியது கேஸ். பின்மூடி, உள்மூடி, மேலே சாவிக்குப் பக்கத்தில் இருக்கும் வளையம் ஆகிய ஒவ்வொன்றிலும் முத்திரை இருக்கிறதா? அவை ஒத்துப்போகின்றனவா? வளையத்தில் மட்டும் வேறு முத்திரை என்றால் பெரும்பாலும் பிற்காலப் பழுதுபார்ப்பு. மூடிக்கு மூடி வேறு ஆண்டென்றால் இரண்டு வாட்சை ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

அடுத்து மெஷின். ஆங்கிலேய வாட்சுகளில் மெஷினில் உள்ள எண்ணையே கேஸிலும் பொறிப்பது வழக்கம். ஒத்துவந்தால் இரண்டும் கூடப் பிறந்தவை. அமெரிக்க வாட்சில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. அங்கே மெஷின் ஒரு கம்பெனி, கேஸ் வேறொரு கம்பெனி. கடையில்தான் இரண்டுக்கும் கல்யாணம். ஆனால் வால்தம் போன்ற கம்பெனிகளின் மெஷின் எண்களுக்கு ஆண்டுவாரியாகப் பட்டியல் உண்டு. அந்த ஆண்டும் கேஸின் ஆண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மெஷினைக் கேஸோடு பிடித்திருக்கும் திருகாணிகளின் தடங்களையும் பாருங்கள். இப்போதுள்ள திருகாணிக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் பழைய அழுத்தத் தடம் இருந்தால், அந்தக் கேஸில் முன்பு வேறொரு மெஷின் குடியிருந்தது.

கடைசியாகத்தான் உரைகல். அதுவும் வெளிமூடியில் வேண்டாம். இப்போது எக்ஸ்ரே மெஷின் வைத்துக் கீறாமலே காரட் சொல்லும் கடைகள் மாவட்டத் தலைநகரங்களிலும் இருக்கின்றன. உரைகல்லோ மெஷினோ, அது சொல்வது மேற்பரப்பில் என்ன உலோகம் என்று மட்டும்தான். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் பொறுப்பு என்று அது சொல்லாது.

ரங்கூனிலிருந்து வந்த ஒன்பது காரட்

இதெல்லாம் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்குதானே என்று தோன்றலாம். இல்லை என்று எனக்குக் காட்டியது பக்கத்து ஊரில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம்.

அந்த வீட்டுப் பெரியவர் ரங்கூனில் மரக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். முதலாளி அவருக்குத் தங்க வாட்சு கொடுத்தார் என்பது வீட்டுக் கதை. 1942-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபோது அந்த வாட்சு மட்டும் கூட வந்தது. பிற்காலத்தில் ஒரு பணமுடையில் அதை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனார்கள். உரசிப் பார்த்த கடைக்காரர், 'இது பவுன் இல்லீங்க, ரோல்டு கோல்டு மாதிரிதான்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வாட்சு வீட்டில் ஒரு கேலிப்பொருள். 'துரை ஏமாத்திட்டான், இவரும் நம்பிட்டாரு' என்று பேரன்கள் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார்.

பேத்தி என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "அண்ணே, பித்தளைன்னா பித்தளைன்னு சொல்லிடுங்க. பசங்களுக்கு விளையாடக் குடுத்துடறேன்" என்றார்.

மூடியைத் திறந்தோம். ஏ.எல்.டி. என்ற எழுத்துகள். பர்மிங்ஹாமில் கேஸ் செய்த டென்னிசன் கம்பெனியின் குறி. அமெரிக்க வாட்சுத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ஏரன் டென்னிசன் இங்கிலாந்தில் போய்த் தொடங்கிய கம்பெனி. பக்கத்தில் நங்கூரம், 9, .375. கிரீடம் இல்லை, இருக்கவும் கூடாது. ஆண்டெழுத்து பெரிய 'எஃப்'. பர்மிங்ஹாமில் 1925-ல் 'ஏ'-யில் தொடங்கிய சுற்றில் அது 1930. அங்கே எழுத்து ஜூலையில் மாறும் என்பதால் 1930-31. உள்மூடியில் அவர் பெயரும் 1931 என்ற ஆண்டும் பொறித்திருந்தது. மெஷின் வால்தம். அதன் எண்ணும் அந்தக் காலத்தோடு ஒத்துவந்தது. நான்கு சாட்சிகள், நான்கு கேள்விகள், ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பத்தரை மாற்றை முழுத் தூய்மையாக வைத்துக்கொண்டால் 22 காரட் தங்கம் ஒன்பதரை மாற்றுக்குச் சற்று மேலே வரும். 9 காரட் நான்கு மாற்றைக்கூடத் தொடாது. ஆபரணத் தங்கத்துக்குப் பழகிய கண்ணுக்கு அந்த உரைகோடு பல்லிளித்துத்தான் காட்டும். நம்ம 'பவுன்', 'சவரன்' என்ற சொற்களே 22 காரட் ஆங்கிலேயத் தங்கக் காசிலிருந்து வந்தவை. அந்த அளவுகோலில் 9 காரட் தங்கமே அல்ல. இங்கிலாந்துச் சட்டத்தில் அது தங்கம். முதலாளி ஏமாற்றவில்லை. எத்தனை காரட் என்பதை மூடிக்குள் எழுதியே கொடுத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் பேத்தி கேட்டது ஒன்றுதான். "அப்ப தாத்தா சொன்னது நிஜந்தானே?" நிஜந்தான் என்றேன். விலை எவ்வளவு வரும் என்று அவர் கேட்கவில்லை.

இன்றைய சட்டத்தில் வாட்சு எங்கே?

இந்தியாவில் தங்க நகைக்கு பிஐஎஸ் ஹால்மார்க் வந்தது 2000-ல். ஆரம்பத்தில் அதிலும் ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்து இருந்தது. 2000-க்கு ஏ, 2001-க்கு பி என்று. 2017-ல் அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள். 2021-ல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகி, ஆறு இலக்க எச்யுஐடி எண் வந்தது. அந்த எண்ணை பிஐஎஸ் செயலியில் போட்டால் விவரம் தெரியும். பொறுப்பு உலோகத்திலிருந்து கணினிக்கு மாறியிருக்கிறது. ஒருவகையில் பெரிய கோயில் சுவர்தான், பதிவு மறுபடியும் நகைக்கு வெளியே போய்விட்டது.

ஆனால் 2021-ல் கட்டாயம் அறிவிக்கப்பட்டபோது சிலவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள். குந்தன், போல்கி, ஜடாவ் நகைகள், ஃபவுண்டன் பேனா, அப்புறம் வாட்சு. அதாவது உங்கள் வீட்டுத் தங்க வாட்சுக்கு இங்கே புதிதாக முத்திரை வைத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பர்மிங்ஹாமிலோ ஜெனீவாவிலோ எப்போதோ ஒருவர் குத்திய குறிதான் அதற்கு இருக்கும் ஒரே சாட்சி.

தங்கம் விலை ஏற ஏற இந்தச் சாட்சிகள் ஒவ்வொன்றாக மூசைக்குள் போகின்றன. கேஸை உருக்கிவிட்டு மெஷினைத் தனியாக விற்கிறார்கள். அந்த மெஷின் வேறொரு பித்தளைக் கேஸில் ஏறி, 'பழைய தங்க வாட்சு' என்று சந்தைக்கு வருகிறது. கிடைப்பது சில கிராம் தங்கம். அதற்காக ஒரு ஊர், ஒரு ஆண்டு, பொறுப்பேற்ற ஒரு மனிதன், சில சமயம் ஒரு தாத்தாவின் பெயர் எல்லாம் சேர்ந்து உருகிப் போகிறது.

விற்பதும் உருக்குவதும் உங்கள் தேவை, உங்கள் உரிமை. நான் கேட்பது ஒன்றுதான். அதற்கு முன்னால் இரண்டு மூடிகளையும் திறந்து, நல்ல வெளிச்சத்தில் நான்கு படம் எடுத்து வையுங்கள். முத்திரை தெளிவாக விழ வேண்டும், மெஷின் எண்ணும் தெரிய வேண்டும். மூவர் கோயிலின் மூன்றாவது விமானத்தில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாரும் வாசிக்க முடியாது. உங்கள் மேஜை டிராயரில் இருப்பதை இன்று சாயங்காலமே வாசித்துவிடலாம்.